'ஈஸ்னோபீலியா இருக்கு'ன்னு ரிப்போர்ட் வந்திருக்கா? வடசென்னை வீசிங்கும் வயிற்றுப் புழுவும் ஒரே செல்லைத் தூண்டுவது எப்படி?

திருவொற்றியூரிலோ ராயபுரத்திலோ ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வசனம் காதில் விழும்: "ஈஸ்னோபீலியா இருக்காம்."

சொல்கிறவர் அதை சுகர், பிரஷர் மாதிரி ஒரு நோயின் பெயராகத்தான் சொல்வார். "எங்க வீட்ல எல்லாருக்குமே ஈஸ்னோபீலியா" என்று குடும்பச் சொத்து போலச் சொல்பவர்களும் உண்டு. அடுத்து மருந்துக்கடை. போன முறை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயரைச் சொல்லி வாங்கிப் போட்டால் இருமல் கொஞ்சம் அடங்கும். ரெண்டு மாசத்தில் திரும்ப வரும்.

ஈஸ்னோபீலியா ஒரு நோய் இல்லை. ரத்தத்தில் ஒரு வகை வெள்ளையணு கூடியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணிக்கை மட்டுமே. உடம்பு சுடுகிறது என்றால் 'காய்ச்சல்' என்கிறோம். அது டைபாய்டா, டெங்குவா என்று அந்தச் சூடு சொல்லாது. இதுவும் அப்படித்தான். தலையணையில் இருக்கும் தூசிப்பூச்சியாலும் இந்த எண் ஏறும், குடலிலோ நுரையீரலிலோ இருக்கும் புழுவாலும் ஏறும்.

இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அதனால்தான் ரிப்போர்ட்டில் இருக்கும் அந்த ஒரு வரியைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

யார் இந்த ஈஸ்னோபில்?

ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் 1879இல் ரத்தத்துளியைச் சாயங்களில் தோய்த்து ஆராய்ந்தபோது, 'ஈசின்' என்ற சிவப்புச் சாயத்தை ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும் அணுக்களைக் கண்டார். அதற்கு வைத்த பெயர்தான் ஈஸ்னோபில். அதற்கு முந்தைய ஆண்டு அவரே 'மாஸ்ட் செல்' என்ற இன்னொரு செல்லையும் விவரித்திருந்தார். வயிறு முட்டச் சாப்பிட்டது போல உள்ளே குருணைகள் நிறைந்திருந்ததால் அந்தப் பெயர். அலர்ஜி என்ற சொல்லே அப்போது கிடையாது.

இந்த இரண்டும் நம்முடைய பிறவி எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்தவை. தடுப்பூசி போட்டுப் பழக்கப்படுத்த வேண்டிய படை இல்லை; பிறக்கும்போதே கையில் ஆயுதத்தோடு வரும் படை.

ஆயுதம் எதற்கு? பாக்டீரியா சின்னது, மற்ற வெள்ளையணுக்கள் அதை விழுங்கிவிடும். குடலில் இருக்கும் உருண்டைப்புழு முப்பது சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. அதை எந்த அணு விழுங்க முடியும்? அதனால் உடம்பு வேறு வழியைக் கையாளுகிறது. ஈஸ்னோபில்கள் கூட்டமாகப் போய்ப் புழுவின் லார்வா மேல் ஒட்டிக்கொண்டு, தங்கள் குருணைகளில் இருக்கும் நச்சுப் புரதங்களை அதன் தோல் மீது கொட்டுகின்றன. மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. சளி பெருகும், தும்மல் வரும், இருமல் வரும், குடல் வேகமாக அசையும். கழுவித் தள்ளுகிற வேலை.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கொட்டப்படும் நச்சுக்குப் புழு எது, நம் சொந்த நுரையீரல் சுவர் எது என்று வித்தியாசம் தெரியாது. ரெண்டும் சேர்ந்தே வேகும்.

சைரன் அடிப்பது யார்?

பல காலம் பதில் தெரியாத கேள்வி இது. ரத்தத்தில் இருக்கும் ஈஸ்னோபிலுக்குக் குடல் மூலையில் புழு வந்திருக்கிறது என்று யார் போய்ச் சொன்னது?

துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கப்பல் தடுப்புச் சுவரில் இடித்தால் முதலில் தெரிவது சுவருக்குத்தான். அதே மாதிரி, குடலையும் மூச்சுக்குழாயையும் உள்ளே மூடியிருக்கும் மேல்தோல் செல்கள் காயம்பட்டால் மூன்று அபாயச் செய்திகளை வெளியே விடுகின்றன. ஐ.எல்.-33, ஐ.எல்.-25, டி.எஸ்.எல்.பி. என்பவை அவற்றின் பெயர்கள். செய்தியை வாங்கிக்கொள்ளும் கன்ட்ரோல் ரூம் ஐ.எல்.சி.-2 என்ற செல். எண்ணிக்கையில் மிகக் குறைவு. அதனாலேயே 2010 வரை கண்ணில் படவில்லை. அந்த ஆண்டு ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா என மூன்று இடங்களில் மூன்று ஆய்வுக்குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் அதைக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பெயர் வைத்துக் கொஞ்ச நாள் குழப்பமாகவும் இருந்தது.

இந்தச் செல் எழுந்துவிட்டால் ஐ.எல்.-5 என்ற உத்தரவு எலும்பு மஜ்ஜைக்குப் போகும்: ஈஸ்னோபில்களை அதிகமாகத் தயார் பண்ணு. ஐ.எல்.-13 என்ற உத்தரவு மூச்சுக்குழாய்க்குப் போகும்: சளியைக் கூட்டு, இறுகிக்கொள். உங்கள் ரிப்போர்ட்டில் தெரியும் எண், அந்த முதல் உத்தரவின் விளைவு. இதற்குப் பிறகுதான் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி உருவாகி மாஸ்ட் செல்களின் மேல் உட்கார்கிறது. அடுத்த முறை அதே பொருள் வந்தால் நிமிஷத்தில் வெடிக்கும்.

கவனியுங்கள்: சைரன் அடிப்பதற்குப் புழுதான் வர வேண்டும் என்றில்லை. சுவர் காயம்பட்டால் போதும்.

எண்ணூர்க் காற்றில் என்ன நடக்கிறது?

கடலோர ஈரப்பதத்தில் மெத்தையிலும் தலையணையிலும் செழித்து வளரும் தூசிப்பூச்சியின் கழிவில், புரதத்தை வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது. மூச்சில் உள்ளே போய் மேல்தோல் செல்களின் இணைப்புகளை வெட்டுகிறது. உடம்பின் பார்வையில் இது கிட்டத்தட்டப் புழு துளைப்பது போலத்தான். அதே சைரன், அதே கன்ட்ரோல் ரூம், அதே படை. எதிரிதான் இல்லை.

இதன் மேல் புகை சேர்கிறது. மணலி, எண்ணூர்ச் சாலைகளில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை, அனல்மின் நிலையச் சாம்பல், ஆலைகளின் கந்தக வாயு. இவை பெரும்பாலும் அலர்ஜி தரும் பொருள்கள் இல்லை, எரிச்சல் தருபவை. ஆனால் சுவரைப் புண்ணாக்கி வைத்துவிடுவதால் தூசிப்பூச்சிக்கு வழி எளிதாகிறது. டீசல் புகைத் துகளோடு சேர்ந்து வரும் அலர்ஜிப் பொருளுக்கு உடம்பு இன்னும் கடுமையாக எதிர்வினை காட்டும் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட விஷயம்.

எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு என்பதற்கு இந்தப் பகுதி மக்கள் மறக்க முடியாத உதாரணம் ஒன்று உண்டு. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயில் இருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக மக்கள் தூக்கத்தில் இருந்து எழுந்து ஓடினார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அது அலர்ஜி இல்லை, நேரடி ரசாயனக் காயம். அலர்ஜி உடம்புக்காரர், இல்லாதவர் என்ற பாகுபாடெல்லாம் அதற்குக் கிடையாது. "உங்களுக்கு அலர்ஜி பாடி" என்று சொல்லி எல்லா மூச்சுத்திணறலையும் நோயாளியின் உடம்பு மேலேயே போட்டுவிடுவது சரியில்லை. காற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

இறாலுக்கும் புழுவுக்கும் என்ன சம்பந்தம்?

காசிமேடு பக்கம் கேட்டால், இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும், தடிப்புத் தடிப்பாக வரும் என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். காரணம் பெரும்பாலும் 'ட்ரோபோமயோசின்' என்ற தசைப் புரதம். வேகவைத்தாலும் இது அழியாது.

இதே புரதத்தின் நெருங்கிய சொந்தம் நண்டில் இருக்கிறது, கரப்பான்பூச்சியில் இருக்கிறது, தூசிப்பூச்சியில் இருக்கிறது. உருண்டைப்புழுவிலும், கடல்மீனின் வயிற்றில் வாழும் அனிசாகிஸ் என்ற புழுவிலும் இருக்கிறது. ஒன்றுக்கு எதிராக உருவான ஐஜிஇ மற்றொன்றையும் எதிரியாக நினைத்துக்கொள்ளலாம். புழுவுக்காக உருவான படை இறாலைப் பார்த்து ஏன் குழம்புகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எலும்புள்ள மீனில் அலர்ஜி தருவது வேறு புரதம் என்பதால், இறால் ஒத்துக்கொள்ளாத பலருக்கு வஞ்சிரம் எந்தத் தொந்தரவும் தருவதில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடலாம். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களை ஐஸ் போடாமல் விட்டால், பாக்டீரியாக்கள் அதன் சதையிலேயே ஹிஸ்டமினை உருவாக்கிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரிக்கும். பார்த்தால் அலர்ஜி மாதிரியே இருக்கும், ஆனால் உங்கள் மாஸ்ட் செல்லுக்கு இதில் வேலையே இல்லை. சமைத்தாலும் அந்த ஹிஸ்டமின் போகாது. "எனக்கு மீன் அலர்ஜி" என்று வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கி வைத்தவர்களில் சிலருக்குப் பிரச்னை மீன் இல்லை, ஐஸ்தான்.

'பொய்க் காசநோய்': சென்னை மாகாணத்தில் தொடங்கிய கதை

1940. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம் காசநோய் சானடோரியம். இப்போது ஆந்திரத்தில் இருக்கிறது, அப்போது சென்னை மாகாணம். அங்கே இருந்த டாக்டர்கள் ஃப்ரிமோட்-மொல்லரும் பார்ட்டனும் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். ராத்திரி இருமல், மூச்சுத்திணறல், லேசான காய்ச்சல், எடை குறைவது, எக்ஸ்ரேயில் தினை தூவியது போலப் புள்ளிகள். அச்சு அசலாகக் காசநோய். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை, ரத்தத்தில் ஈஸ்னோபில் எக்கச்சக்கம். 'பொய்க் காசநோய்' என்ற பொருளில் அதைப் பதிவு செய்தார்கள்.

1943இல் வெயின்கார்ட்டன் என்ற மருத்துவர் இந்தியாவில் பார்த்த 81 நோயாளிகளைப் பற்றி லான்செட் இதழில் எழுதி, 'வெப்பமண்டல ஈஸ்னோபீலியா' என்று பெயர் கொடுத்தார். அந்தக் காலத்தில் மேகநோய்க்குப் போட்ட ஆர்சனிக் ஊசிக்கு இது அடங்குகிறது என்றும் சொன்னார். நம் ஊரில் 'ஈஸ்னோபீலியா' என்ற சொல் ஒரு நோயின் பெயராகவே ஒட்டிக்கொண்டதற்கு இந்த வரலாறு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆனால் காரணம் என்ன? சிங்கப்பூரில் டாக்டர் டி.ஜே. தனராஜ், ஐம்பதுகளில் ரத்தப் பரிசோதனை வழியாக யானைக்கால் புழுவின் பக்கம் விரலை நீட்டினார். பின்னாளில் மலாயா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் டீன் ஆனவர் இவர். நேரடிச் சாட்சி 1960இல் வேலூர் சி.எம்.சி.யில் இருந்து வந்தது. வெப், ஜாப், கால்ட் என்ற மூவர், நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கட்டித் திசுக்களில் மைக்ரோஃபைலேரியா என்ற குட்டிப்புழுக்களையே காட்டினார்கள்.

நடப்பது இதுதான். கியூலெக்ஸ் கொசு கடித்து யானைக்கால் புழு உடம்புக்குள் வருகிறது. சாக்கடையிலும் தேங்கிய அழுக்குத் தண்ணீரிலும் வளரும் கொசு அது. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் வாழ்பவர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. புழு வந்த பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது, ஏனென்றால் அந்தப் புழு நம் எதிர்ப்புப் படையைத் தட்டித் தூங்க வைக்கும் வித்தை தெரிந்தது. குட்டிப்புழுக்கள் இரவில் ரத்தத்தில் உலாவும். ராத்திரியில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் போனது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

தொற்று உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களிடம் மட்டும் கதை தலைகீழாகிறது. படை தூங்காமல், அளவுக்கு மீறி விழித்துக்கொள்கிறது. குட்டிப்புழுக்கள் நுரையீரலிலேயே மடக்கப்பட்டு அழிக்கப்படுகின்றன. அதனால் ரத்தத்தில் புழு தெரியாது, நுரையீரல் மட்டும் புண்ணாகும்.

எவ்வளவு புண் என்பதை அளந்தது சென்னையில்தான். சேத்துப்பட்டில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் இருந்த நிறுவனத்தில் டாக்டர் வி.கே. விஜயனும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, நோயாளிகளின் நுரையீரலைத் திரவம் விட்டுக் கழுவி எடுத்துப் பார்த்தார்கள். 1987இல் வெளியான அந்த ஆய்வில், கழுவிய நீரில் கிடைத்த செல்களில் பாதிக்கும் மேல் ஈஸ்னோபில். ஆரோக்கியமானவரின் நுரையீரலில் அது அரிதாகத்தான் இருக்கும். டைஎதில்கார்பமசின் மாத்திரை கொடுத்ததும் ஒன்றிரண்டு வாரத்தில் எண்ணிக்கை சடசடவென இறங்கியது. ஆனால் 1990இல் வந்த அடுத்த ஆய்வு கவலை தந்தது: வழக்கமான சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு உள்ளே லேசான அழற்சி நீடித்தது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல் தழும்பாகி இறுகும்.

'ஈஸ்னோபீலியா மாத்திரை' என்று கடையில் பலர் கேட்டு வாங்குவது பெரும்பாலும் இந்த டைஎதில்கார்பமசின்தான். யானைக்கால் புழுவுக்கான மருந்து. தூசிப்பூச்சியால் வரும் வீசிங்குக்கு அதனால் என்ன பலன்?

யானைக்கால் நோய் தமிழ்நாட்டில் முன்பைவிடப் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலைக்கு வந்திருக்கும் பலரின் சொந்த ஊர் பீகார், ஜார்கண்ட், ஒடிசா. அங்கே பல மாவட்டங்களில் இன்னும் இந்தப் புழுவை ஒழிக்க ஊர் முழுக்க மாத்திரை கொடுக்கிறார்கள். நாள்பட்ட ராத்திரி இருமலோடு வரும் ஒரு தொழிலாளிக்குக் காசநோய் இல்லை என்று வந்தால், அடுத்த கேள்வி "ஊர் எது?" என்பதாக இருந்தால் நல்லது.

சரி, ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது?

சதவீதத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம். மொத்த வெள்ளையணு 5,000, ஈஸ்னோபில் 7% என்றால் கணக்கு 350. இயல்புதான். மொத்தம் 12,000, அதே 7% என்றால் 840. இது அதிகம். 'அப்சொல்யூட் ஈஸ்னோபில் கவுன்ட்' என்று தனியாகப் போட்டிருப்பது இந்த எண்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500 வரை சாதாரணம்.

500ஐக் கொஞ்சம் தாண்டி நின்றால் அலர்ஜி மூக்கு, ஆஸ்துமா, தோல் அரிப்பு போன்றவற்றுக்கு வாய்ப்பு அதிகம். 1,500க்கு மேல் நீடித்தால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும். புழு, சில மருந்துகளின் ஒவ்வாமை, அரிதாக ரத்த நோய்கள். மேலே சொன்ன யானைக்கால் புழு நுரையீரல் நோயில் 3,000க்கு மேல் போகும், ஐஜிஇயும் ஆயிரங்களில் இருக்கும். இவை கோடு போட்ட எல்லைகள் இல்லை. கொக்கிப்புழு உள்ள குழந்தைக்கு 700 இருக்கலாம், ஆஸ்துமா உள்ளவருக்குப் புழுவும் சேர்ந்தே இருக்கலாம்.

இன்னொரு பொறி: ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்ட பிறகு ரத்தம் கொடுத்தால் ஈஸ்னோபில் எண் விழுந்திருக்கும். புழு இருந்தும் ரிப்போர்ட் நல்ல பிள்ளையாகத் தெரியும்.

ஸ்டீராய்டுக்கு முன் ஒரு கேள்வி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்று ஒரு நூல் மாதிரிப் புழு. மலம் கலந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் தோலைத் துளைத்து உள்ளே வரும். மற்ற குடல்புழுக்கள் போல சில ஆண்டுகளில் செத்துப்போகாது. உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். முப்பது நாற்பது ஆண்டுகள் கூடத் தங்கியிருக்கும். லேசான அரிப்பு, அவ்வப்போது வயிற்று வலி, சில சமயம் வீசிங். அவ்வளவுதான் தெரியும். அதை அடக்கி வைத்திருப்பது இதே படைதான்.

அந்த வீசிங்கை ஆஸ்துமா என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரையை நாள்கணக்கில் கொடுத்தால் படை கலைந்துவிடும். லார்வாக்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி, குடல் பாக்டீரியாவையும் சுமந்துகொண்டு நுரையீரல், மூளை வரை பரவும். இந்த நிலைக்குப் போனவர்களைக் காப்பாற்றுவது கஷ்டம். பள்ளியில் கொடுக்கும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரை இந்தப் புழுவிடம் சரியாக வேலை செய்யாது. இதற்கு ஐவர்மெக்டின் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பஃப்பில் போகும் ஸ்டீராய்டின் அளவு மிகக் குறைவு, ஆஸ்துமாவுக்கு அதுதான் பாதுகாப்பான சிகிச்சை. ஆபத்து, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் மாத்திரையிலும், "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்பதிலும்தான் இருக்கிறது.

ஐ.எல்.-5 உத்தரவையே தடுக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசி, கடும் ஆஸ்துமாவுக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஈஸ்னோபிலைக் கிட்டத்தட்டத் துடைத்துவிடும். விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாதது. அதன் குறிப்புச் சீட்டிலும் ஒரு வரி இருக்கிறது: புழுத் தொற்று இருந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை எடுத்துவிட்டு வாருங்கள்.

புழு இருந்தா அலர்ஜி வராதாமே?

கேள்விப்பட்டிருப்பீர்கள். பாதி உண்மை. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், கொக்கிப்புழு உள்ளவர்களிடம் ஆஸ்துமா குறைவாகவும், உருண்டைப்புழு உள்ளவர்களிடம் அதிகமாகவும் தெரிந்தது. புழுவுக்குப் புழு மாறுகிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கே வேண்டுமென்று கொக்கிப்புழுவைக் கொடுத்துப் பார்த்த சோதனையில் சொல்லிக்கொள்ளும்படி பலன் கிடைக்கவில்லை. ரத்தசோகைதான் மிச்சமாகும்.

அதனால் ஆண்டுக்கு இரண்டு முறை, வழக்கமாக பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரையைக் குழந்தைகளுக்குத் தவறாமல் கொடுங்கள். 1 முதல் 19 வயது வரை இலவசம். இரண்டு வயதுக்குள் அரை மாத்திரை, அதற்கு மேல் ஒன்று, சப்பிச் சாப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரை உள்ள, கர்ப்பமாக இல்லாத, பாலூட்டாத பெண்களுக்கும் கொடுக்கிறார்கள்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனைதான் முதலில். காசநோய் இல்லை என்று உறுதியான பிறகே மற்றதெல்லாம். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போகும்போது பழைய ரத்த ரிப்போர்ட்டுகளையும், இதுவரை விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்கே வேலை, சொந்த ஊர் எது, இருமல் ராத்திரியில் அதிகமா, லீவு நாளில் குறைகிறதா, இறால் ஒத்துக்கொள்கிறதா, கடைசியாக எப்போது ஸ்டீராய்டு எடுத்தீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.